கண்டிக் காவலில் ஒரு நன்றிப் பலி



'நன்றி' என்னும் சொல் இந்நாளில் நம் வாயில் மிக எளிதாக வந்துவிடுகிறது. பஸ் வண்டியில் இடங்கொடுத்தவருக்கும் அதைச் சொல்கிறோம். மீதிச் சில்லறை தந்த கடைக்காரருக்கும் சொல்கிறோம். பழந்தமிழிலோ அச்சொல்லுக்கு நன்மை என்பதே பொருள். திருக்குறளின் 11ஆம் அதிகாரம் 'செய்ந்நன்றி அறிதல்' எனப் பெயர் பெற்றிருப்பதை நோக்குக. செய்யப்பட்ட நன்மையை அறிதலே அங்கு வற்புறுத்தப்படுவது. அறிவது முன்னர், சொல்வது பின்னர்.

இறைவனுக்கு நன்றி செலுத்துதலை நாள்தோறும் பழகவேண்டிய ஒன்றாகக் கிறிஸ்தவ சமயம் கொண்டதற்கும் காரணம் இதுவே. குறை கூறுவதற்கு எவரும் பயிற்சி பெறுவதில்லை. ஒரு பல் வலித்தால் அன்று முழுவதும் அந்தப் பல்லே நினைவு. வலியாத முப்பத்தொரு பற்களையும் எண்ணிப் பார்த்தவர் யார்?

இப்பழக்கத்தின் இயல்பை அறியக் கண்டி மாநகரிலேயே ஒரு வரலாறு உண்டு. கோவாவில் 1651ஆம் ஆண்டு பிறந்த யோசேப் வாஸ் அடிகளாரின் வரலாறு அது. இலங்கையின் கரையோரங்களை ஒல்லாந்தர் ஆண்டு, கத்தோலிக்க குருமாரைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687ஆம் ஆண்டு, கூலியாள் கோலத்தில் அவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்ததும் வயிற்றுக்கடுப்பு அவரை வீழ்த்திற்று. முன்பின் அறியாத எளியோர் அளித்த உணவால் உயிர் பிழைத்தார்.

பின்னர் 1692இல் அவர் கண்டிக்கு வந்தபோது, போர்த்துக்கேயரின் ஒற்றன் என ஐயுற்று, மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைக் காவலில் வைத்தான். (இன்று உலாவச் செல்வோரின் கண்ணைக் கவரும் ஏரி அந்நாளில் இல்லை, அது ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைப்பித்தது.) காவலில் இருந்த நாட்களில் அடிகளார் சிங்களம் பயின்றார். கட்டுப்பாடு சிறிது தளர்ந்ததும், ஒரு குடிசையைக் கோயிலாக்கித் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். திருப்பலிக்கு வழங்கும் 'யூக்கரிஸ்து' என்ற கிரேக்கச் சொல்லுக்கு நன்றி செலுத்துதல் என்பதே பொருள். விடுதலை கிடைக்கட்டும், பிறகு நன்றி சொல்வோம் என்று அந்தக் கைதி காத்திருக்கவில்லை.

தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய கடிதத்தில், எந்த நிலையிலும் நன்றி கூறுமாறு பணிக்கிறார். நேர்ந்த தீங்கையே நன்மையெனக் கொண்டாடுமாறு அவர் அங்குப் பணிக்கவில்லை. இந்த வேறுபாடு சிறிதன்று. இதனை மறந்தால் நன்றியுணர்வே ஓர் அடிமைக் கயிறாகிவிடும்.

கண்டியைச் சூழ்ந்த மலைகளை நோக்குவோம். 1867ஆம் ஆண்டு லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதிலிருந்து பரந்த தோட்டங்களைத் தம் உழைப்பால் வளர்த்த தமிழ் மக்களுட் பெரும்பாலோரை, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. அத்தகைய மக்களிடம் சென்று, "உள்ளதைக் கொண்டு கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள், கூலியைப் பற்றிப் பேசாதீர்கள்" என்று போதிப்பவர் எவரேனும் உளராயின், அவர் இறைவன் பெயரால் தோட்டத் துரைக்குக் கணக்கெழுதுகிறார் என்க.

கொழுந்து பறிக்கும் பெண்கள் முதற் கொழுந்தைக் கூடையில் இடுகையில் 'பொலியோ பொலி' எனக் குரலெழுப்பும் வழக்கம் மலையகத்தில் உண்டு. விளைவுக்குக் கூறும் வாழ்த்து அது. மாலையில் நிறுவை குறைத்து எழுதப்பட்டால், அதே பெண் கணக்கப்பிள்ளையிடம் வாதாடுவாள். இரண்டும் ஒரே வாய்க்குப் பொருந்துவனவே.

வாஸ் அடிகளாரின் நன்றியும் வாயளவில் நின்றுவிடவில்லை. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவிற்று. அஞ்சியோர் நகரைவிட்டு நீங்கினர். கைவிடப்பட்ட நோயாளரை அடிகளார் சமயம் பாராது பேணினார், உணவூட்டினார், இறந்தோரை அடக்கம் செய்தார். யாழ்ப்பாணத்தில் தாம் பெற்ற உணவை அவர் மறக்கவில்லை போலும்!

பழக்கம் என்பது ஒரு நேரத்தையும் ஓர் இடத்தையும் வேண்டி நிற்பது. இஞ்ஞாசியார் வகுத்த ஆன்மப் பயிற்சிகளில், ஆத்தும சோதனையின் முதற்படி பாவங்களை எண்ணுதல் அன்று. பெற்ற நன்மைகளுக்காக நன்றி கூறுதலே முதற்படி. நம் இல்லங்களில் மாலைச் செபத்தின்போது 'சகல நன்மைகளுக்காகவும்' என்று பொதுப்படச் சொல்லி விரைந்து முடித்துவிடுவது எளிது. அன்றைக்குரிய ஒன்றைப் பெயர் சொல்லிக் கூறுவதுதான் கடினம். கடுகண்ணாவைச் சரிவில் மழையிலே நின்றுபோன வண்டியைத் தள்ளிவிட்ட வழிப்போக்கர். மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்த குழந்தை. நெடுநாள் எழுதாதிருந்த தம்பியின் கடிதம். இவ்வாறு தேடத் தொடங்கியவருக்குப் பகலிலேயே கண் விழிப்படைகிறது. மாலையில் சொல்வதற்கு ஏதேனும் வேண்டுமன்றோ!

ஒன்றும் அகப்படாத நாளும் வரும். சாவு வீட்டின் இரவில் பெயர் சொல்ல என்ன இருக்கிறது? அன்று மௌனமாக இருந்தாலும் குற்றமில்லை. இருந்த இடத்தைவிட்டு எழாதிருந்தாற் போதும், பழக்கம் அறுபடாது.

அடிகளார் 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே இறையடி சேர்ந்தார். அவரை அடக்கம் செய்த இடம் இதுதான் என்று இன்று எவராலும் திட்டமாகச் சுட்டிக்காட்ட இயலாது. 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், கொழும்பு காலிமுகத்திடலில், பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவருடைய திருநாள் ஜனவரி 16, தைப்பொங்கலை ஒட்டி வருவது. ஒரு வீட்டில் கதிரவனுக்குப் பொங்கலிட்ட பானையைக் கழுவிக் கவிழ்க்கும் வேளையில், அயல்வீட்டார் கோயிலுக்குப் புறப்படுகின்றனர்.