வீட்டுக்குள் ஒரு வெருகு

வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் இன்றும் தனித்துத் திரியும் காட்டுப்பூனை. மரபணுச் சான்றுகளை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இதை உறுதிசெய்தது. சைப்ரஸ் தீவில் மனிதர் ஒருவரின் புதைகுழிக்கு அருகிலேயே புதைக்கப்பட்டுக் கிடைத்த பூனையின் எலும்புக்கூட்டுக்கு வயது ஏறத்தாழ 9,500 ஆண்டு. மனிதர் தானியம் சேர்த்தார்கள். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. கயிறு கட்டி யாரும் இழுத்துவரவில்லை. தானாக வந்தது, இடம் பிடித்தது, தங்கிவிட்டது. வறண்ட நிலத்தில் தனியாக வேட்டையாடிய அந்த விலங்கு, உடம்பிலும் குணத்திலும் பெரிதாக எதையும் மாற்றிக்கொள்ளாமலே இன்று கட்டில்மேல் படுத்திருக்கிறது. அதன் விந்தையான பழக்கங்கள் பலவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

பழந்தமிழ் காட்டில் திரிந்த பூனையை வெருகு என்றது. தொல்காப்பியத்தின் மரபியல், வெருகின் இளமைப் பெயர் 'குட்டி' என்று இலக்கணம் வகுத்தது. பூனைக்குப் பூசை என்றும் ஒரு பழம்பெயர் உண்டு. கம்பர் தம் அவையடக்கத்தில், பாற்கடலை முழுக்க நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூசைக்குத் தம்மை ஒப்பிட்டுக்கொண்டார். குட்டி போட்ட பூனை, மதில்மேல் பூனை, சூடு கண்ட பூனை என்று பேச்சில் வழங்கும் தொடர்கள் வெறும் அலங்காரங்கள் அல்ல. திண்ணையிலும் அடுப்படியிலும் பூனையைக் கண்கொட்டாமல் பார்த்த மக்கள் எழுதாமல் எழுதிவைத்த குறிப்புகள் அவை.

பூனையின் முதல் தொழில் காத்திருத்தல். எலி வளைக்கு முன்னால் உட்கார்ந்தால், காதைத் தவிர வேறெதுவும் அசையாது. அந்த அசையாமையைப் பல்லவச் சிற்பிகள் கண்டிருக்க வேண்டும். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று பெயர் பெற்ற ஏழாம் நூற்றாண்டுப் பாறைச் சிற்பத்தில், பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் செய்கிறது ஒரு பூனை. அதைச் சுற்றி எலிகள். பொய்த் தவசியைக் காட்டுவதற்கு அந்தச் சிற்பி வேறெந்த விலங்கைத் தேர்ந்திருந்தாலும் இத்தனை பொருத்தம் வாய்த்திருக்காது. நடையும் வேட்டைக்காக அமைந்ததே. முன்னங்கால் பதிந்த தடத்திலேயே பின்னங்காலை வைத்து நடப்பதால், சருகு மிதிபடும் வாய்ப்புப் பாதியாகக் குறைகிறது.

பகலில் எலி பதுங்கும். அந்திக் கருக்கலிலும் விடியற்கருக்கலிலும் வெளியே வரும். பூனையின் நாளும் அதற்கேற்பவே ஓடுகிறது. ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம்வரை உறங்கித் தீர்த்துவிட்டு, வீட்டார் அயர்ந்து தூங்கும் விடியற்காலையில் கூடத்துக்கும் சமையலறைக்குமாகத் தலைதெறிக்க ஓடும். போர்வைக்குள் கால்விரல் அசைந்தால் அதன்மேல் பாயும். வேட்டைக்கென்று திரண்ட வலிமைக்கு வேலை இல்லாதபோது அது இப்படித்தான் செலவாகிறது. இரவில் படுக்கும்முன் கால்மணி நேரம் ஒரு கயிற்று நுனியை இழுத்து விளையாட்டுக் காட்டி, பிறகு சோறு வைத்தால் அந்த ஓட்டம் பெருமளவு அடங்கும். வேட்டை, உணவு, துடைப்பு, உறக்கம் என்ற வரிசை பூனையின் இரத்தத்தில் ஊறியது.

பாலும் பூனையும் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லத் தோன்றுகிறது. ஒரு கிண்ணத்துப் பாலைப் பூனை குடிப்பதைக் குனிந்து பார்த்தால், மீசையில்கூட ஒரு சொட்டு ஒட்டுவதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரோமன் ஸ்டாக்கர், காலைச் சிற்றுண்டி வேளையில் 'கட்டா கட்டா' என்ற தம் வீட்டுப் பூனை நக்கிக் குடிப்பதைப் பார்த்து வியந்தார். பிறகு நண்பர்கள் மூவருடன் சேர்ந்து அதிவேக ஒளிப்படக் கருவியால் படமெடுத்தார். 2010ஆம் ஆண்டு வெளியான அவர்களின் ஆய்வு சொன்னது இது: பூனை பாலை நாக்கால் அள்ளுவதில்லை. நாக்கின் நுனியைப் பின்பக்கமாக மடித்து, பாலின் மேற்பரப்பை மெல்லத் தொட்டு, சட்டென்று மேலே இழுக்கிறது. நாக்கோடு ஒட்டிய பால் மெல்லிய கம்பம்போல் எழும்புகிறது. அந்தக் கம்பம் பாரத்தால் அறுந்து விழுவதற்குள் வாயை மூடிக்கொள்கிறது. நொடிக்கு ஏறத்தாழ நான்கு முறை இது நடக்கிறது. பாலின் எழுச்சியும் புவியீர்ப்பும் சரிக்குச் சரி நிற்கும் அந்தக் கணத்தை, கணக்கறியாத ஒரு குட்டி தப்பாமல் பிடிக்கிறது.

இத்தனை நயமாகக் குடித்தாலும், பால் எல்லாப் பூனைக்கும் ஒத்துக்கொள்வதில்லை. தாய்ப்பால் மறந்தபின் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் திறன் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குக் குறைந்துவிடுகிறது. கிண்ணம் நிறையப் பசும்பால் வைத்தால் வயிற்றுப்போக்கு வரும். இனிப்பின் சுவையும் பூனைக்குத் தெரியாது. இனிப்பை உணர்த்தும் மரபணு பூனைக் குடும்பத்தில் செயலிழந்து போனதை 2005ஆம் ஆண்டில் பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு நிலையத்தார் கண்டறிந்தனர். பாயசக் கிண்ணத்தைப் பூனை நக்குகிறது என்றால் அது தேடுவது நெய்யையும் பாலையும்தான். தெனாலிராமன் கதையில் வரும் பூனை, கொதிக்கும் பாலில் வாய் வைத்துச் சுட்டுக்கொண்டபின் பாலைக் கண்டாலே ஓட்டம் பிடித்தது. கதைதான் என்றாலும் அதில் பொதிந்த கவனிப்பு மெய். ஒரே ஒரு கெட்ட அனுபவம் போதும், பூனை அந்தப் பொருளையும் இடத்தையும் மறப்பதில்லை. அதனால்தான் பூனையை அடித்துத் திருத்த முடிவதில்லை. அடித்தவரைத்தான் அது அஞ்சக் கற்றுக்கொள்கிறது.

சாப்பிட்டு முடித்ததும் துடைத்துக்கொள்ளத் தொடங்குகிறது. முன்னங்காலை நக்கி, அந்த ஈரத்தால் முகம் துடைத்து, காதின் பின்புறம் வரை வழித்துவிடும். நாக்கின் சொரசொரப்புக்குக் காரணம் உள்நோக்கி வளைந்த கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியின் நுனியும் குழிந்த கரண்டி போன்றது என்றும், அந்தக் குழியில் உமிழ்நீர் ஏறி ரோமத்தின் அடிவரை சென்று சேர்கிறது என்றும் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் அலெக்சிஸ் நோயலும் டேவிட் ஹூவும் 2018இல் காட்டினர். இது அழுக்கு நீக்கும், உடலைக் குளிர்விக்கும், இரையின் வாடையையும் போக்கிவிடும்.

இனி, குட்டிப் பருவத்திலிருந்து கூடவே வரும் பழக்கங்கள். மடியில் ஏறிய பூனை இரண்டு முன்னங்கால்களாலும் மாறி மாறி மிதித்து, சப்பாத்தி மாவு பிசைவதுபோல் பிசையும். பால் சுரக்கத் தாயின் மடியைக் குட்டி அமுக்கிய செய்கை அது. வளர்ந்தபின்னும், மெத்தென்ற போர்வையும் கதகதப்பும் கிடைத்தால் கால்கள் தாமாகவே அந்த வேலையைத் தொடங்கிவிடுகின்றன. நகம் குத்துகிறதென்று தள்ளிவிடுவோர் உண்டு. மடியில் ஒரு தடித்த துணியைப் போட்டுக்கொண்டால் போதும். ஒரு விலங்கு மனிதரைத் தாயின் இடத்தில் வைக்கும் தருணத்தைத் தள்ளிவிடுவதற்கு மனம் வரக்கூடாது.

உர்உர்ரென்ற குறுகுறுப்பும் தாயருகே பிறந்ததே. குரல்வளை அதிர, மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் அந்த ஒலி தொடர்கிறது. பசி வந்தால் பூனை இதில் இன்னொரு குரலைக் கலக்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரன் மெக்கோம்பும் குழுவினரும் 2009இல் பதிவுசெய்து ஆராய்ந்தபோது, உணவு கேட்கும் குறுகுறுப்புக்குள் குழந்தையின் அழுகையை ஒத்த மெல்லிய கீச்சொலி ஒளிந்திருந்தது. பூனை வளர்க்காதவர்கள்கூட அதை அவசரக் குரல் என்று அடையாளம் கண்டனர். மியாவ் என்ற குரலின் கதையும் இதுவே. குட்டி தாயை அழைக்க அப்படிக் கத்தும். வளர்ந்த பூனைகள் தமக்குள் அப்படிக் கத்திக்கொள்வது அரிது. மனிதரிடம் மட்டும் வாழ்நாள் முழுவதும் கத்துகின்றன. பெயர் சொல்லி அழைத்தால் பூனை திரும்பாதது புரியாததால் அல்ல. தன் பெயரை மற்றச் சொற்களிலிருந்து பிரித்தறிகிறது என்பதை அட்சுகோ சைட்டோ ஜப்பானில் நடத்திய ஆய்வு 2019இல் நிறுவியது. காது திரும்பியிருக்கும். வருவதும் வராததும் அதன் விருப்பம்.

கதவு நிலையிலும் மேசைக் காலிலும் வீட்டார் காலிலும் கன்னத்தைத் தேய்ப்பது மணம் இடுவதற்கு. கன்னத்தில் உள்ள சுரப்பிகள் அந்த வேலையைச் செய்கின்றன. நாற்காலியைப் பிறாண்டுவதும் ஒருவகைக் கையெழுத்தே. பாதத்தின் மணமும் நகக்கீறலும் சேர்ந்து 'இது என் இடம்' என்று அறிவிக்கின்றன.

மணத்தைப் பேசும்போது குப்பைமேனியைச் சொல்லாமல் விட முடியாது. தெருவோரத்திலும் கொல்லையிலும் முளைக்கும் ஆமணக்குக் குடும்பத்துச் செடி. சொறிக்கும் சிரங்குக்கும் இலையை அரைத்துப் பூசுவார்கள். அதன் இன்னொரு பெயர் பூனைவணங்கி. வேரோடு பிடுங்கிப் போட்டால், எங்கிருந்தோ வரும் பூனை அந்த வேரை முகர்ந்து, நக்கி, கன்னம் தேய்த்து, மண்ணில் புரண்டு எழும். மேலைநாடுகளில் புதினா குடும்பத்துச் செடி ஒன்று பூனைகளை இப்படி மயக்குவது புகழ்பெற்றது. பூனைகளை மயக்கும் இன்னொரு கொடியை ஆராய்ந்த ஜப்பானின் இவாட்டே பல்கலைக்கழகத்தார், இலையில் புரளும் பூனையின் ரோமத்தில் படியும் வேதிப்பொருள் கொசுக்களை விரட்டுகிறது என்று 2021இல் கண்டனர். செடிக்குப் பூனையின் பெயரையே சூட்டிய தமிழ் மருத்துவ மரபின் கண்கூர்மை பெருமைக்குரியது.

அட்டைப்பெட்டியைக் கண்டால் பூனை உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். தனித்து வேட்டையாடும் சிறு விலங்குக்கு, தானே இன்னொன்றின் இரையாகிவிடும் அச்சமும் உண்டு. மூன்று பக்கமும் மறைப்பும் ஒரு பக்கம் வாசலும் உள்ள இடம் அதற்குக் கோட்டை. நெதர்லாந்தின் ஒரு காப்பகத்தில், புதிதாக வந்த பூனைகளுக்குப் பெட்டி வைத்தபோது அவற்றின் பதற்றம் விரைவாகத் தணிந்தது. மதில்மேல் ஏறி நிற்பதும் இதே தற்காப்புதான். அங்கிருந்து இரு பக்கமும் தெரியும், இரு பக்கமும் குதிக்கலாம்.

தவறி விழுந்தாலும் பூனை காலால் நிற்கும் என்பர். பிரெஞ்சு அறிஞர் எத்தியேன் ழூல் மாரே 1894இல் தொடர்படமாக எடுத்து இதைக் காட்டினார். அந்தரத்தில் உடலை நடுவில் வளைத்து, முன்பாதியையும் பின்பாதியையும் தனித்தனியே திருப்பிக்கொள்கிறது. ஆனால் காலால் விழுவது காயமின்றி விழுவதாகாது. நியூயார்க்கில் உயரக் கட்டடங்களிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றிய 1987ஆம் ஆண்டு ஆய்வில், பத்தில் ஒன்பது பிழைத்தன. சிகிச்சை கிடைத்ததால் பிழைத்தவை அவற்றில் பல. அடுக்குமாடிக் குடியிருப்பில் பூனை வளர்ப்போர் பால்கனிக்கு வலை அடிப்பது கட்டாயம்.

குட்டி போட்ட பூனை ஓரிடத்தில் இருப்பதில்லை. பரண், விறகடுக்கு, பக்கத்து வீட்டு மாடிப்படியடி என்று இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். குட்டிகளின் வாடை பரவினால் பகை வரும் என்ற அச்சமே காரணம். பிடரியைக் கவ்வியதும் குட்டி காலை மடக்கி, வாலைச் சுருட்டி, துணிமூட்டைபோல் அசையாது தொங்கும். பிடரி அழுத்தப்பட்டால் உடல் தானே அடங்கிவிடும் இயல்பு அது. திமிறும் குட்டி கீழே விழும். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியையும், தாய் கவ்விச் செல்லத் தன்னை விட்டுவிடும் பூனைக் குட்டியையும் வைத்துத்தான் தமிழக வைணவம் சரணாகதித் தத்துவத்தை விவாதித்தது. வடகலையார் முன்னதையும் தென்கலையார் பின்னதையும் சான்றாகக் காட்டினர். ஆனால் வளர்ந்த பூனையைப் பிடரியைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அதன் எடையைப் பிடரித் தோல் தாங்காது, வலிக்கும்.

பழக்கங்களில் மிகவும் கவலைக்குரியது, நோயை மறைப்பது. காட்டில் தளர்ச்சியைக் காட்டினால் ஆபத்து. ஆகவே வலி மிகும்போது பூனை கத்துவதைவிட ஒதுங்குவதே அதிகம். அலமாரி அடியில் போய்ப் படுக்கும், துடைத்துக்கொள்வதை நிறுத்தும், சில வேளை வலியிலும் குறுகுறுக்கும். ஆண் பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து சிறுநீர் வராமல் எழுந்தால், அடைப்பு ஏற்பட்டிருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போகும். பூனை வளர்ப்போருக்கு ஒரே வேண்டுகோள்: பழக்கம் மாறிய அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். காய்ச்சலோ என்று எண்ணி வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். அந்த மருந்தை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரு மாத்திரையே அதைக் கொன்றுவிடும்.