ஓடிய தூரம்



பி.எம்.டபிள்யூ கார்கள் 2007 முதல் சென்னைக்கு அருகிலேயே பூட்டப்படுகின்றன. புதியது வாங்க வசதியில்லாத நம் பிள்ளைகள், கடன் வாங்கியாவது பழைய 320டி ஒன்றை வாங்க ஆசைப்படுகிறார்கள். ஆசையில் தவறில்லை.

ஒரு கார் 60,000 கிலோமீட்டர் என்று காட்டுகிறது. ஆனால் பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்திருக்கிறது. ஸ்டீயரிங் தோல் வழவழவென்று ஆகிவிட்டது. சர்வீஸ் ரசீது ஒன்றுமில்லை. இன்னொன்று 1,50,000 ஓடியது. ரசீதுகள் அத்தனையும் இருக்கின்றன. விவரம் தெரிந்த மெக்கானிக் இரண்டாவதைத்தான் எடுக்கச் சொல்வார்.

ஏன்? அந்த வண்டிகள் பலவற்றில் உள்ள என்47 டீசல் எஞ்சினில் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. அதை மாற்றுவது பெரிய வேலை, பெரிய செலவு. உண்மையான தூரம் தெரிந்தால் முன்னதாகவே பணம் ஒதுக்கலாம். மறைத்தால், செயின் நடுவழியில் அறுந்து எஞ்சினே போய்விடலாம். கடன் மட்டும் மிஞ்சும்.

விற்கும் சகோதரரே, மீட்டரைத் திருப்புவது சாமர்த்தியம் அல்ல. அது பொய்யும் களவும் சேர்ந்த பாவம்.

நம் வாழ்வும் நெடுந்தூரம் ஓடிய வண்டிதான். கோவிலில் பரிசேயர் தம் பளபளப்பைக் காட்டினார். வரிதண்டுபவரோ தம் தேய்மானத்தைச் சொன்னார். அமைதியோடு வீடு திரும்பியவர் யார் என்று நமக்குத் தெரியும். ஓடியது குற்றமல்ல, மறைப்பதே ஆபத்து. இந்த வாரம் ஒப்புரவு அருள்சாதனத்துக்கு வாருங்கள், மீட்டரைத் திருப்பாமல்.

இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக.