லேப்டாப் திறக்கலையா? முதல்ல கணக்கை வெளிய எடுங்க

(ஒட்டன்சத்திரத்தில் நடந்த கூட்டமைப்பு உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



விடியக்காலையில மார்க்கெட்டுக்கு முருங்கை, தக்காளி ஏத்திவிட்டுட்டு, பால் ஊத்திட்டு, பிள்ளைங்களை அனுப்பிட்டு இவ்வளவு பேர் வந்திருக்கீங்க. அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வர்றோம். இன்னைக்குக் கடன், வட்டி பத்திப் பேசப்போறதில்லை. வீட்டுல இருக்கிற லேப்டாப் ஒருநாள் காலையில திறக்கலைன்னா என்ன செய்யணும் என்பதைத்தான் பேசப்போறோம். "இது பிள்ளைங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். 2023ல நம்ம குழு ஒண்ணுல நடந்ததுக்குப் பிறகு அந்த நினைப்பு போயிடுச்சு.

அந்தக் குழுவோட வரவு செலவு, உள்கடன், தவணை எல்லாம் ஒரு உறுப்பினர் மகளோட லேப்டாப்பில் இருந்தது. பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப். ஒருநாள் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தா நாலு வரி இங்கிலீஷ் வந்து அப்படியே நின்னுடுச்சு. கடைக்குக் கொண்டுபோனாங்க. "விண்டோஸ் போயிருச்சு, புதுசா போடணும்" என்றார்கள். இவங்களும் "சரி, போட்டுக் குடுங்க" என்று வந்துட்டாங்க. சாயங்காலம் போய் வாங்கினால் லேப்டாப் புதுசு மாதிரி பளிச்சுன்னு திறக்குது. உள்ளே ஒண்ணுமே இல்லை. 14 மாசக் கணக்கு போச்சு.

நோட்டு இருக்குமே என்று கேட்பீங்க. கூட்டத்துக்கு வந்தவங்க கையெழுத்து நோட்டு இருந்தது. தீர்மான நோட்டு இருந்தது. உள்கடன் பேரேடு மட்டும் இல்லை. ஏன் இல்லைன்னா, "கம்ப்யூட்டர்ல ஏத்துறீங்கல்ல, அதையே நோட்டுலயும் எழுதி எதுக்கு ரெண்டு வேலை?" என்று சொன்னது நாங்கதான். அந்தத் தப்பு எங்க தப்பு. இந்த மேடையிலேயே ஒத்துக்கிறோம்.

பேங்க் பாஸ்புக்கை வச்சுப் பேங்க் கடனைச் சரி பண்ணிட்டோம். ஆனா கூட்டத்துலயே கைக்குக் கை கொடுத்து வாங்கின உள்கடன் பேங்க் பாஸ்புக்கில் எப்படி வரும்? ஒரு அக்கா மூணு தவணை கட்டினதா சொன்னாங்க. கட்டினதைப் பார்த்ததா யாருக்கும் நினைவில்லை. அவங்க தனிநபர் பாஸ்புக்லயும் ஏறலை. அந்தக்கா அழுதுகிட்டே எழுந்து போயிட்டாங்க. அடுத்த ரெண்டு கூட்டத்துக்கு வரவே இல்லை. கடைசியில, அவங்க சொல்றதை நம்புவோம் என்று தீர்மானம் போட்டோம். பாதிப்பேர் மனசில்லாமத்தான் கையெழுத்துப் போட்டாங்க. அது இன்னைக்கும் அந்தக் குழுவில் சின்னதா ஒரு முள்ளாத்தான் கிடக்குது.

இதுல வருத்தம் என்னன்னா, அந்த 14 மாசக் கணக்கு தானா அழியலை. லேப்டாப் திறக்காம நின்ன அன்னைக்கும் கணக்கு உள்ளே பத்திரமாத்தான் இருந்திருக்கணும். அதைப் பிறகுதான் தெரிஞ்சுக்கிட்டோம்.

பீரோ ஒண்ணை நினைச்சுக்குங்க. பீரோ என்பது லேப்டாப் பெட்டி. அதோட பூட்டும் கைப்பிடியும்தான் விண்டோஸ். அதைத்தான் ஆபரேட்டிங் சிஸ்டம் என்கிறாங்க. உள்ளே வச்சிருக்கிற பத்திரமும் நகையும் நம்ம கணக்கு, போட்டோ, பிள்ளைங்களோட காலேஜ் வேலை. பூட்டு கெட்டுப்போச்சுன்னா நகை காணாமப் போயிடுமா? போகாது. ஆனா பூட்டு மாத்துறேன்னு வந்தவர் உள்ளே இருக்கிறதை எல்லாம் அள்ளி வெளிய போட்டுட்டுப் புதுப்பூட்டு மாட்டினால் போயிடும். கடைக்காரங்க "ஃபார்மட்" என்று சொல்றது அதைத்தான். அந்த வார்த்தை காதில் விழுந்ததும், "உள்ளே இருக்கிறதை முதல்ல எடுத்துக் குடுத்துட்டுப் பண்ணுங்க" என்று வாய்விட்டுச் சொல்லணும். கேட்காம அவங்களா செய்வாங்கன்னு நம்பக்கூடாது.

திறக்காத லேப்டாப் எல்லாமே கெட்டுப்போனதில்லை. உலகமே ஒருநாள் இதைப் பார்த்தது. 2024 ஜூலை 19ஆம் தேதி, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பின ஒரு பழுதான ஃபைலால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையோட நின்னுடுச்சு. நம்ம நாட்டு ஏர்போர்ட்டிலேயே பேனாவில் எழுதி போர்டிங் பாஸ் கொடுத்தாங்க. அதைச் சரி பண்ண அந்த ஒரு ஃபைலை அழிச்சாலே போதுமா இருந்தது. அதுக்காக எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா விண்டோஸ் போட வேண்டியிருக்கலை.

சரி, நம்ம வீட்டு லேப்டாப்புக்கு வருவோம். பட்டனை அமுக்கினா வெளிச்சமே வரலையா? அது சார்ஜர், பேட்டரி, கரண்ட் சம்பந்தப்பட்டதா இருக்கலாம். அதுக்கு விண்டோஸ் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. சார்ஜரைக் கழட்டிட்டு, பவர் பட்டனை ஒரு அரை நிமிஷம் அமுக்கிப் பிடிச்சு, மறுபடி சார்ஜரைப் போட்டுப் பாருங்க. கம்பெனி பேர் வந்து அதுக்கு மேல போகலைன்னா, பக்கத்துல பென்டிரைவ் ஏதாவது சொருகி இருக்கான்னு பாருங்க. சிரிக்காதீங்க. லேப்டாப் அந்தப் பென்டிரைவ்ல விண்டோஸைத் தேடிட்டு, இல்லைன்னு நிக்கிறது நிறைய நடக்குது. உருவிட்டு மறுபடி போட்டா திறந்துடும். உள்ளே இருந்து டிக் டிக்னு சத்தம் வந்தா மட்டும் திரும்பத் திரும்பப் போடக்கூடாது. அது ஹார்ட் டிஸ்க் சாகப்போற சத்தமா இருக்கலாம். உடனே அணைச்சுட்டு, விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கொண்டுபோங்க.

நம்மகிட்ட இருக்கிறதுல பல லேப்டாப் விலையில்லா மடிக்கணினித் திட்டத்துல வந்தது. அந்தத் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்னைக்குத் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வச்சாங்க. எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்தது. அந்த லேப்டாப்புகள்ல விண்டோஸ் கூடவே பாஸ் என்று இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமும் போட்டுக் கொடுத்தாங்க. மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் உருவாக்கின இலவச லினக்ஸ் அது. போட்டவுடனே ரெண்டு பேர் வந்து எது வேணும்னு கேட்கும். நம்ம பிள்ளைங்க பாஸைத் தொட்டதே இல்லை, சிலர் இடத்தை அடைக்குதுன்னு அழிச்சுக்கூட விட்டாங்க. இருக்குதுன்னா விடாதீங்க. விண்டோஸ் திறக்காத அன்னைக்குப் பாஸ் வழியா உள்ளே போய் ஃபைலை எடுக்கலாம். ஒரே பீரோவுக்கு ரெண்டு கதவு மாதிரி.

ரெண்டாவது கதவு இல்லைன்னா, வெளியில இருந்து ஒரு கதவு கொண்டுவரணும். போன வருஷம் அதைத்தான் செஞ்சோம். இன்னொரு குழுவில் இதே மாதிரி லேப்டாப் நின்னுடுச்சு. இந்தத் தடவை அவங்க கடைக்குப் போகாம, நேரா நம்ம ஆபீசுக்குக் கொண்டுவந்தாங்க. 8 ஜிபி பென்டிரைவ் ஒண்ணுல, ஆபீஸ் கம்ப்யூட்டரை வச்சு லினக்ஸை ஏத்தினோம். அதைச் சொருகி, போட்டவுடனே எஃப்12 பட்டனைத் தட்டினோம். (லெனோவோ, டெல்லில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9.) எதிலிருந்து திறக்கணும்னு கேட்டுச்சு, பென்டிரைவைக் காட்டினோம். அடுத்து "டிரை" என்றும் "இன்ஸ்டால்" என்றும் ரெண்டு இருந்தது. எட்டாவது படிச்ச நம்ம கணக்காளர் அக்காதான் மவுஸைப் பிடிச்சிருந்தாங்க. எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு, "டிரைன்னா சும்மா பார்க்கிறதுதானே? அதையே அமுக்குறேன்" என்றாங்க. அந்த ஒரு அமுக்குல இருக்குது எல்லாம். டிரை என்றால் லேப்டாப்பில் எதையும் மாத்தாம பென்டிரைவ்லயே ஓடும். இன்ஸ்டால் அமுக்கியிருந்தா கதை வேற.

கொஞ்ச நேரத்துல திரை வந்தது. டிஸ்க்கைத் திறந்தோம். யூசர்ஸ் என்கிற ஃபோல்டருக்குள்ள, டெஸ்க்டாப்ல, "குழு கணக்கு" அப்படியே உட்கார்ந்திருக்கு. அந்தக்கா கையை எடுத்துக் கும்பிட்டுட்டாங்க. இன்னொரு பென்டிரைவ்ல அதைக் காப்பி எடுத்து, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல திறந்து பார்த்து, கடைசி மாசத் தவணை வரைக்கும் இருக்குதுன்னு சரி பார்த்த பிறகுதான் அடுத்த வேலைக்குப் போனோம்.

ஒண்ணு சொல்லணும். புது லேப்டாப்புகள்ல விண்டோஸே உள்ளே இருக்கிறதைப் பூட்டி வைக்கிறது உண்டு. பிட்லாக்கர் என்பாங்க. அப்போ 48 இலக்கச் சாவி எண் கேட்கும். பெரும்பாலும் அது பிள்ளைங்களோட மைக்ரோசாஃப்ட் கணக்குல சேமிச்சிருக்கும். லேப்டாப் நல்லா இருக்கும்போதே அதை எடுத்துத் தாள்ல எழுதி, ரேஷன் கார்டு வைக்கிற இடத்துல வச்சிடுங்க.

ஃபைல் வெளிய வந்த பிறகு விண்டோஸைத் தாராளமா புதுசா போடலாம். மைக்ரோசாஃப்ட் தன்னோட தளத்துலயே அதை இலவசமா இறக்கிக்க விடுது. அதைப் பென்டிரைவ்ல ஏத்தும்போது பென்டிரைவ்ல ஏற்கெனவே இருக்கிறது அழிஞ்சுடும், கல்யாண போட்டோ இருக்கிற பென்டிரைவைக் கொடுத்துடாதீங்க. காசு விஷயம் இங்கதான். விண்டோஸ் 8, அதுக்குப் பிறகு வந்த விண்டோஸோடவே வாங்கின லேப்டாப்பா இருந்தா, லைசென்ஸ் எண் பெரும்பாலும் பெட்டிக்குள்ளயே பதிஞ்சிருக்கும். அதே வகை விண்டோஸைத் திரும்பப் போட்டா, நெட் கிடைச்சதும் தானா ஏத்துக்கும். பழைய விண்டோஸ் 7 லேப்டாப்ல எண் அடியில ஸ்டிக்கரா ஒட்டியிருக்கும். அதனால "லைசென்ஸுக்குத் தனியா காசு" என்று யாராவது கேட்டா, எதுக்குன்னு நின்னு கேளுங்க. போட்டுக் கொடுக்கிற உழைப்புக்குக் கூலி கொடுக்கிறது நியாயம். இருக்கிற லைசென்ஸை மறுபடி விலைக்கு வாங்குறது நியாயமில்லை.

இங்க ஒரு அக்கா எழுந்து, "எங்க வீட்டுது ரொம்பப் பழசுங்க, அதுக்கு எதைப் போடுறது?" என்று கேட்டாங்க. நல்ல கேள்வி. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடயும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடயும் வழக்கமான இலவசப் பாதுகாப்பு முடிஞ்சுபோச்சு. விண்டோஸ் 11 பழைய பெட்டிகளை ஏத்துக்கிறதில்லை. அப்படிப்பட்டதுக்கு லினக்ஸ் போடுறதுதான் எங்க யோசனை. பாஸ் இருக்கு, மின்ட் என்று ஒண்ணு இருக்கு, ரெண்டும் இலவசம், தமிழ்லயும் தட்டலாம். கணக்கு எழுத, கடிதம் அடிக்க, நெட் பார்க்கத் தாராளம். குறையும் உண்டு. விண்டோஸுக்குன்னு வாங்கின சில மென்பொருள் அதுல ஓடாது, சில பழைய பிரின்டர் தகராறு பண்ணும். பிள்ளைங்க முதல் வாரம் முகம் சுளிப்பாங்க.

எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டாலும், எங்க போடணும்னு டிஸ்க்கைக் காட்டிக் கேட்கிற ஒரு திரை வரும். அங்க மட்டும் அவசரப்படாதீங்க. அழிக்கிறதெல்லாம் அங்கதான் நடக்குது. அந்த இடத்துல பக்கத்துல இன்னொருத்தர் இருக்கணும், நிறுத்திப் படிச்சுட்டு அமுக்குங்க.

உள்கடன் பேரேடு இனிமே நோட்டுலயும் எழுதணும்னு போன மாசமே தீர்மானம் போட்டாச்சு. ஒவ்வொரு கூட்டம் முடிஞ்சதும் கணக்கு ஃபைலை ஊக்குநர் பென்டிரைவ்ல ஒரு காப்பி எடுக்கணும், அந்தப் பென்டிரைவ் லேப்டாப் இருக்கிற வீட்டுல இருக்கக்கூடாது.

லினக்ஸ் ஏத்தின பென்டிரைவ் நம்ம ஆபீஸ் பீரோவுல ரெண்டாவது தட்டுல, சிவப்பு டப்பாவுல இருக்குது. எடுத்துக்கிட்டுப் போறவங்க பேர், குழு பேர், தேதி நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு எடுங்க. மூணு நாள்ல திருப்பிக் கொடுத்துடுங்க, அடுத்த குழுவுக்கு வேணும்.