ஆடற்கலைக்கு மதிப்புத் தேடித் தந்த ருக்மிணி தேவி அம்மையார்

(தங்கா பத்து வட்டாரத் தோட்ட மண்டபம் ஒன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, நிறுத்துக் கொடுத்துவிட்டுக் களைப்போடு வந்திருக்கும் உங்களிடம் நாட்டியத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பொருந்தும் என்பதே என் எண்ணம். கோயில் திருவிழாவுக்கென்று நம் சிறுமியருக்கு ஆடல் பயிற்றுவிக்க எவரேனும் முன்வந்தால், "பெண்பிள்ளைக்கு ஆட்டம் எதற்கு?" என்னும் குரலும் உடன் எழுகின்றதன்றோ? அந்தக் கேள்வியை நம்மைக் காட்டிலும் கடுமையாகச் சென்னை மாநகர் ஒரு காலத்தில் கேட்டது. அதற்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் ருக்மிணி தேவி அருண்டேல்.

அம்மையார் 1904 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29 ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரி ஒரு பொறியாளர். பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர். அதனால் குடும்பம் சென்னை அடையாற்றுக்குக் குடிபெயர்ந்தது. 1920 இல், பதினாறு வயதில், ஜார்ஜ் அருண்டேல் என்னும் ஆங்கிலேயக் கல்வியாளரை மணந்தபோது ஊரே கொதித்தது. ஏச்சும் பேச்சும் அன்றே அவருக்குப் பழகிவிட்டன எனலாம்.

அவரை நாட்டியத்தின்பால் திருப்பியவர் ஓர் அயல்நாட்டுப் பெண்மணி. ரஷ்ய நாட்டின் புகழ்பெற்ற நர்த்தகி அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தை 1928 இல் பம்பாயில் கண்டார். பின்னர் ஆஸ்திரேலியாவுக்கு இருவரும் ஒரே கப்பலில் பயணம் செய்தனர். பாவ்லோவாவின் குழுவினரிடம் மேலைநாட்டு நடனம் கற்கத் தொடங்கிய அம்மையாரை, உங்கள் நாட்டுக் கலையைத் தேடிச் செல்லுங்கள் என்று ஊக்குவித்தவரும் பாவ்லோவாவே.

அக்கலையோ அப்போது சதிர் என்ற பெயரால் அழைக்கப்பட்டது. கோயில்களில் தலைமுறை தலைமுறையாக ஆடி வந்த தேவதாசிக் குடும்பத்துப் பெண்களும், அவர்களுக்குப் பயிற்றுவித்த நட்டுவனார்களும் அதனைக் காத்து வந்தனர். அப்பெண்களைச் சமுதாயம் இழிவாக நோக்கியது. நல்ல குடும்பத்துப் பெண் சதங்கை கட்டுவதென்பது நினைத்துப் பார்க்க இயலாத செயல். அத்தகைய காலத்தில் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பாடம் கேட்டு, 1935 டிசம்பரில், அடையாற்றில் நடைபெற்ற பிரம்மஞான சபையின் வைரவிழாவில் அம்மையார் மேடையேறினார். அவருக்கு வயது முப்பத்தொன்று. கண்டனத்தோடு வந்தவர்கள் பலர் கண்கொட்டாமல் பார்த்துச் சென்றனர்.

மறு மாதமே, அதாவது 1936 ஜனவரியில், பிற்காலத்தில் கலாக்ஷேத்திரா என்று பெயர் பெற்ற கலைக்கூடம் பிறந்தது. பாபநாசம் சிவன், டைகர் வரதாச்சாரியார், மைசூர் வாசுதேவாச்சாரியார் போன்ற இசைமேதைகள் அங்கே ஆசிரியர்களாய் அமர்ந்தனர். ஆடுபவரின் பின்னால் நின்றபடி நகர்ந்து வந்த வாத்தியக்காரர்களை மேடையின் ஒருபுறத்தில் அமரச் செய்தார் அம்மையார். ஆடை அணிகளைக் கோயிற் சிற்பங்களை நோக்கி அமைத்தார். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை 1944 இல் நாட்டிய நாடகமாக்கினார். நெசவுக் கூடமும் அங்கேயே எழுந்தது. பழைய காஞ்சிப் பட்டின் கரைகளும் வண்ணங்களும் அதனால் மறுவாழ்வு பெற்றன. உ.வே. சாமிநாதையர் 1942 இல் மறைந்தபின், அவர் தேடிச் சேர்த்த ஏடுகளும் நூல்களும் சிதறாதிருக்க 1943 இல் அவர் பெயரால் நூலகம் அமைவதற்குத் துணைநின்றவரும் இவரே. தமிழுக்குச் செய்த இப்பணியை நம்மவர் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அம்மையார் சிருங்காரச் சுவையைக் குறைத்துப் பக்தியை முன்னிறுத்தியதை, அக்கலையை வழிவழியாகக் காத்த குடும்பத்தில் பிறந்த பாலசரஸ்வதி அம்மையார் ஏற்கவில்லை. சிருங்காரமே நாட்டியத்தின் உயிர் என்றார். மேலும், கலைக்கு மதிப்பு வந்தபோது, அதைக் காத்த பெண்களில் பெரும்பாலோர்க்கு மேடை கிட்டாமற் போயிற்று. இக்குறை ருக்மிணி தேவி ஒருவரால் நேர்ந்ததன்று. ஆயினும் அவர் புகழைப் பாடும்போது கௌரி அம்மாளின் பெயரை விட்டுவிடுவது நன்றியாகாது.

மேடையோடு அவர் பணி முடியவில்லை. 1952 இல் இந்திய மாநிலங்கள் அவைக்கு நியமன உறுப்பினரானார். அங்கே அவர் குரல் கொடுத்தது வாயில்லாச் சீவன்களுக்காக! விலங்கு வதைத் தடுப்பு மசோதா ஒன்றை 1953 இல் தாமே கொண்டுவந்தார். அரசாங்கமே இதனைக் கவனிக்கும் என்று பிரதமர் நேரு உறுதி கூறவே, அதனை மீட்டுக்கொண்டார். உறுதிமொழியோடு காரியம் முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. 1960 இல் சட்டம் நிறைவேறும்வரை விடாது முயன்றார். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவதும், நோயுற்ற மாட்டை வண்டியிற் பூட்டுவதும் அச்சட்டப்படி குற்றம். மாட்டு வண்டியில் பால் ஏற்றிச் சென்ற நாள்களை நினைவில் வைத்திருக்கும் முதியோர், அச்சட்டத்தின் அருமையை என்னைவிட நன்கு உணர்வீர்கள்.

அவர் வளர்த்த கலை கடல் கடந்தும் வந்தது. கலாக்ஷேத்திராவில் பயின்ற அடையாறு லட்சுமணனிடம் பரதம் கற்றவர்தாம் நம் நாட்டின் ரம்லி இப்ராஹிம். மலாய் இளைஞர் ஒருவர் தயங்காமல் சதங்கை கட்டிய கலைக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் ஏன் தயங்க வேண்டும்?

1977 இல் பிரதமர் மொரார்ஜி தேசாய், இந்தியக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்குமாறு அம்மையாரை வேண்டினார். அவர் இணங்கவில்லை, திருவான்மியூரில் தம் மாணவியரோடு இருந்துவிட்டார். 1962 இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் தலைமைப் பொறுப்பை மட்டும் இறுதிவரை விடவில்லை. 1986 பிப்ரவரி 24 ஆம் நாள் காலமானார். கலாக்ஷேத்திராவைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 1993 இல் இயற்றியது.