எதுகையும் என் மகளும்

மைசூரில் எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியை முதற்கண் கூற விழைகின்றேன். ஆறாம் வகுப்பில் ஆங்கில வழியில் பயிலும் என் மகள் ஒருநாள் மாலை ஏட்டுடன் என்னிடம் வந்தாள். ‘லவ்’ என்னும் ஆங்கிலச் சொல்லோடு ஓசை ஒத்த ஐந்து சொற்களை எழுதிவருமாறு ஆசிரியை பணித்தாராம். நாள்தோறும் ஆங்கிலத்தைத் தமிழாக்கி ஊதியம் பெறும் தந்தைக்கு இஃது எளிதென்பது அவள் எண்ணம். புறாவைக் குறிக்கும் ‘டவ்’, கையுறையாகிய ‘கிளவ்’, மேலே எனப் பொருள்படும் ‘அபவ்’, பிடித்துத் தள்ளுதலாகிய ‘ஷவ்’ என நான்கு கிடைத்தன. ஐந்தாவது எங்கள் இருவருக்கும் அகப்படவில்லை. ‘மூவ்’, ‘புரூவ்’ என்பவை எழுத்தால் ஒத்தும் ஒலியால் ஒவ்வா. ஆங்கிலக் கவிஞர் அவற்றையும் இணைத்துப் பாடியதுண்டு. செவிக்கு இல்லாததைக் கண்ணுக்கேனும் அளித்தனர் போலும்! நாங்களும் ‘மூவ்’ என்றே எழுதி முடித்தோம்.

பின்னர், “அம்மா, நம் ‘அன்பு’க்கு எதுகை சொல், பார்க்கலாம்” என்றேன். “அம்பு, வம்பு, தும்பு, கரும்பு” என்று விரைந்து அடுக்கினாள். எனக்கு உள்ளம் துணுக்குற்றது. ஈற்றில் ஒன்றும் ஓசையை நம் முன்னோர் இயைபு என்றனர். எதுகையாவது, முதலெழுத்து அளவொத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றுவது. என்பு, இன்பம், துன்பம், முன்னை, பொன் என ‘அன்பு’க்கு எத்துணையோ உள. அவள்மீது பிழையில்லை. பாட்டியின் விடுகதையிலும் பள்ளிச் செய்யுளிலும் செவிவழி வரவேண்டிய பயிற்சி, வெளிமாநிலத்தில் வளரும் நம் குழந்தைகட்கு எளிதில் வாய்ப்பதில்லை.

வியப்பு என்னவெனில், நாங்கள் குடியிருக்கும் நாட்டின் மொழியிலும் இவ்வழக்கே உண்டு. பழைய கன்னடச் செய்யுளில் அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றுதல் வேண்டும், பிராசம் என்பர். 1911-இல் மஞ்சேசுவரம் கோவிந்த பை அவர்கள் இதனைக் கைவிட்டுப் பாடலானார். மைசூர் மகாராஜா கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த பி. எம். ஸ்ரீகண்டய்யா அவர்கள், ஆங்கிலப் பாடல்களைக் கன்னடமாக்கி, 1926-இல் ‘இங்கிலீஷ் கீதகளு’ என வெளியிட்டபொழுது, பெரிதும் இதனை விடுத்துப் புதிய யாப்புகளை அமைத்தார். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் அவருடைய துணிவை நான் மதிக்கின்றேன். ஆனால் அவர்கள் பிராசத்தை முற்றக் கற்றபின் துறந்தவர்கள். என் மகளோ எதுகையை அறியுமுன்னரே இழந்துகொண்டிருந்தாள்.

இப்பொழுது ஞாயிறு மாலைகளில் அடுத்த வீட்டுக் கன்னடச் சிறுமியும் அவளும் எங்கள் திண்ணையில் அமர்கின்றனர். அச்சிறுமி ‘பிரீதி’க்கு நீதி, ரீதி, ஜாதி, கீதெ என்கிறாள். இவள் ‘நேச’த்திற்குத் தேசம், வாசம் என்று தொடங்கி, சென்ற வாரம் ஓசை, ஆசை, மாசு வரை சென்றாள். ஊசியையும் பாசியையும் உள்ளிருந்து எடுத்துக் கொடுத்தவள் என் மனைவி.