அரிசியை மட்டும் கூண்டில் ஏற்றலாமா?

ஊட்டச்சத்துத் துறையில் என்னைவிட மூத்தவர்கள் முன்வரிசையில் இருக்க, இந்தக் கருத்தரங்கின் தலைமை நாற்காலி எனக்கு வந்திருப்பது பெருமைதான். கூடவே கொஞ்சம் உதறலும் இருக்கிறது. 'அன்றாட உணவும் நெடுநாள் நலமும்' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். உப்பு, எண்ணெய், இனிப்பு, இதயம், சிறுநீரகம் என எல்லாமே அதற்குள் அடங்கும். உங்களுக்கு அவை பாலபாடம் என்பதால் வரிசையாக ஒப்பிக்கப் போவதில்லை. பிற்பகல் அமர்வுகள் அவற்றைக் கவனித்துக்கொள்ளும். சாராயத்துக்கென்று ஓர் அமர்வு வைக்காதது, அதுவும் புதுச்சேரியில் கூடிக்கொண்டு, குறைதான். அமைப்பாளர்களிடம் சொல்லிவிட்டேன்.

ஒரே ஓர் எண்ணை மட்டும் நினைவூட்டுகிறேன். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்–இந்தியாப் (INDIAB) ஆய்வின்படி புதுச்சேரியில் வயதுவந்தோரில் 26.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய். கோவா 26.4. இந்தியச் சராசரியோ 11.4. மணிக்கூண்டிலிருந்து சோலை நகர் வரை எந்தத் தெருவில் நுழைந்தாலும் வயதுவந்த நாலு பேரில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கும் என்று பொருள்.

இதற்கு யார் காரணம் என்ற விசாரணையில்தான் எனக்கும் சில நண்பர்களுக்கும் நெடுநாள் வழக்கு. பிரெஞ்சுக்காரன் கொண்டுவந்த ரொட்டியும் அதன் வழியே வந்த மைதாவும்தான் காரணம் என்று ஒரு நண்பர் எழுதினார். சுவையான கட்டுரை. ஆனால் பிரெஞ்சு ரொட்டியையே காணாத மாவட்டங்களிலும் சர்க்கரை ஏறியிருக்கிறதே என்ற என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. அவர் இன்று வந்திருக்கிறார். தேநீர் இடைவேளையில் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது கட்சி வலுவானது. அரிசியே குற்றவாளி என்பார்கள், சாட்சியும் வைத்திருக்கிறார்கள். 2020இல் வந்த 21 நாட்டு 'ப்யூர்' ஆய்வில், தெற்காசியாவில் நாளைக்கு 450 கிராமும் அதற்கு மேலும் சோறு உண்பவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்பவர்களைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு 61 விழுக்காடு கூடுதல். சென்னையில் அளந்து பார்த்ததில் பொன்னி, சோனா மசூரி, சுர்தி கோலம் மூன்றுமே கிளைசீமிக் குறியீட்டில் 70ஐ எட்டின அல்லது தாண்டின. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் தீர்ப்பு எழுதும் முன் ஒரு பழைய கோப்பைப் புரட்டச் சொல்கிறேன். நம்மவர்கள் யாரும் புரட்டுவதில்லை என்பதே என் மனத்தாங்கல்.

அந்தக் கோப்பு குன்னூரில் எழுதப்பட்டது. ராபர்ட் மெக்கரிசன் அங்கே, தயாமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வாகத் தொடங்கியதுதான் பின்னாளில் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அவர் எலிகளைப் பிரித்து வைத்து, இந்தியாவின் ஏழு பகுதி மக்கள் உண்பதை அப்படியே கொடுத்து வளர்த்தார். சீக்கியர் உணவு தின்ற எலி கொழுகொழுவென்று வளர்ந்தது. மதராஸி உணவு தின்றது கடைசி. தீட்டிக் கழுவிய அரிசி, கொஞ்சம் பருப்பு, கொஞ்சம் காய், கொஞ்சம் மோர். சர்க்கரை போட்ட காப்பிகூட வைத்தார்களாம். 'போர்க்குடி' என்று வெள்ளையர் கட்டிய கதைக்கு எலியை வைத்து முத்திரை குத்தினார் என்று நம் வரலாற்று நண்பர்கள் இதை ஒதுக்கிவிட்டார்கள். அந்த வாடை அதில் அடிக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத் தராசு காட்டிய எடையையுமா தூக்கி எறிவது?

அவருக்குப் பின் வந்தவர் அய்க்ராய்டு. கிருஷ்ணன், பாஸ்மோர், சுந்தரராஜன் ஆகியோருடன் சேர்ந்து 1940இல் அவர் வெளியிட்ட 'இந்தியாவின் அரிசிச் சிக்கல்' என்ற அறிக்கைதான் நான் சொல்லும் கோப்பு. மில்லில் தீட்டிய பச்சரிசி உண்ட, ஆந்திரக் கரையோர வட சர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி தங்கிவிட்டது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அந்த நிலை இல்லை. நெல்லை ஊறவைத்து அண்டாவில் ஆவி கட்டி வேகவைக்கும்போது தவிட்டிலுள்ள தயாமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு மில்லில் தீட்டினாலும், வீட்டில் களைந்தாலும், கஞ்சி வடித்தாலும் பச்சரிசி அளவுக்கு இழப்பில்லை. களத்தில் காயும் புழுங்கல் நெல்லின் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அறிக்கை அதோடு நிற்கவில்லை. தானியம் மிஞ்சி, பருப்பும் பாலும் கீரையும் குறைந்த தட்டுதான் கோளாறு என்பது குன்னூர்க்காரர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது.

இனி 2025க்கு வாருங்கள். அதே இந்தியாப் ஆய்வின் உணவுப் பகுதி வந்திருக்கிறது. நம் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து. அரிசியை எடுத்துவிட்டுக் கோதுமையோ சிறுதானியமோ வைத்தாலும், மாவுச்சத்தின் மொத்த அளவு குறையாதவரை நீரிழிவு ஆபத்து குறையவில்லை. நாளின் மொத்தக் கலோரியில் 5 விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்து எடுத்துப் பருப்பு, பால் புரதமாக மாற்றினால் குறைகிறது. குன்னூர் எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சொன்னதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

சிறுதானிய நண்பர்கள் கோபிக்கக் கூடாது. ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நானும் கைதட்டியவன்தான். வரகும் சாமையும் மானாவாரி நிலத்துக்கு நல்லவை. ஆனால் சோற்றுக் குவியலுக்குப் பதில் அதே உயரத்தில் வரகுக் குவியல் வைத்துவிட்டு, மேலே ஒரு கரண்டித் தண்ணீர்ச் சாம்பார் ஊற்றினால் எதுவும் மாறாது. சிறுதானிய பிஸ்கட்டைப் பற்றி இந்த மேடையில் பேசாமல் இருப்பதே நாகரிகம்.

நாம் கூடியிருக்கும் இந்தப் பேட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். இது நெசவாளர் பேட்டை. காலை முழுக்கக் குழித்தறியில் மிதிபலகை மிதித்தவரின் சோறு அவர் கால் வழியே செலவாகிவிட்டது. தறி போனது, பேரன் கணினி முன் உட்கார்ந்திருக்கிறான், தட்டில் சோற்றின் அளவு அப்படியே இருக்கிறது. பக்கத்து வைத்திக்குப்பத்துப் பெண்கள் கூடையில் கொண்டுவரும் மீன் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். மற்ற நாள்களில் அப்பளம். துவரம்பருப்பு விலை ஏறினால் சாம்பாரில் பருப்பு இறங்குகிறது, சோறு இறங்குவதில்லை. இதைப் போய் 'தனிமனிதத் தேர்வு' என்று தலைப்பிடுவது எனக்கு ஒப்பவில்லை. இன்றைய கட்டுரைச் சுருக்கங்கள் சிலவற்றில் அந்தச் சொல் தாராளமாக வருகிறது.

நம் ஊரே ஒரு சோதனைக் களமாக இருந்ததும் உண்டு. 2015 செப்டம்பரில் இங்கே ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடத் தொடங்கினார்கள். அரிசியா பணமா என்று ஆளுநர் மாளிகைக்கும் அமைச்சரவைக்கும் நடந்த சண்டை உங்களுக்குத் தெரியும். பணம் சேர்ந்ததா, கடை பக்கத்தில் இருந்ததா என்று ஆராய்ந்தவர்கள் உண்டு. அந்தப் பணம் பருப்பானதா, பாலானதா, மேலும் அரிசியானதா, டாஸ்மாக் இல்லாத இந்த ஊரின் வேறு கடைக்குப் போனதா என்பதல்லவா நம் துறைக் கேள்வி? அதைக் கேட்கும் கட்டுரை இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஒன்றுகூட இல்லை. சிறுதானியத்துக்கு ஆறு இருக்கின்றன.

கடைசியாக, கட்டுரை வாசிப்போருக்கு ஒரு வேண்டுகோள். தலைவருக்கு அந்த அளவு அதிகாரம் உண்டென்று நினைக்கிறேன். 'நாளொன்றுக்கு இத்தனை கிராம் அரிசி' என்று போட்டால், வெந்த எடையா வேகாத எடையா, பச்சரிசியா புழுங்கலா என்பதையும் சொல்லிவிடுங்கள். வெந்தால் ஏறக்குறைய மூன்று மடங்கு கனக்கும் பொருளில் இதைச் சொல்லாத அட்டவணையை எதோடு ஒப்பிடுவது? சொல்லாதவர்களை மேடையிலிருந்தே குறுக்கிட்டுக் கேட்பேன், வருத்தப்படக் கூடாது. முதல் கட்டுரையாளர் வரலாம்.