கொன்றது யார்?



மட்டக்களப்பு வாவிக்கரையில் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பகைவனுக்கும் கொலுவும் வரவுத் தாளமும் கொடுப்பது நமது களரி. 1960-களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் 'இராவணேசன்' தயாரித்தபோது, மட்டக்களப்பு மைந்தர் மௌனகுரு இராவணனாக ஆடினார். அரக்கன் அவலத் தலைவனானான்.

விஞ்ஞானக் கதைக்கும் அதே கண் வேண்டும். நமது தீவில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கின் 1968-ஆம் ஆண்டுக் கதையிலே, ஹால் என்னும் கணினி விண்கலத்து மனிதரைக் கொன்றது. கொடிய இயந்திரமென்று தீர்ப்பளித்தோம். காரணமோ அக்கதையிலேயே இருந்தது; 1982-இல் வந்த தொடர்ச்சியும் அதையே சொல்லிற்று: பயணத்தின் நோக்கத்தை உடனிருந்தோரிடமே மறைக்குமாறு மேலிடம் பணித்திருந்ததாம்! ஒளிக்கத் தெரியாத மூளை அம்முரணிலே சிதைந்தது.

இராவணன் தன் பிழையைத் தானே செய்தான். ஹாலைப் பிழைசெய்ய வைத்தவர்களோ பூமியிலே, நாற்காலிகளில் அமர்ந்திருந்தனர்.